சுவரோடு ஒட்டிய முதுகு

2025 மார்ச் பதினான்காம் தேதி காலை, இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள், வாலிபால் அணித் தலைவி தன் அக்காவுடன் பிசியோதெரபிஸ்டிடம் வந்தாள். தோள் காயம் ஆறிவிட்டது என்று அவர் சொன்னால்தான் அவள் ஆடலாம்.

கையைக் காதுவரை உயர்த்திக் காட்டினாள். “பாத்தீங்களா டாக்டர்? வலியே இல்ல.”

“நீ கையத் தூக்கலம்மா, முதுக வளைக்கிற. சுவரோட ஒட்டி நின்னு தூக்கு.”

ஒட்டி நின்றதும், கை தோள் மட்டத்தைத் தாண்டவில்லை. உதட்டைக் கடித்தாள்.

“வீட்லயும் இப்படித்தான் கோணிக்கிட்டுத் தலை வாருறா,” என்றாள் அக்கா. “ஸ்டைலுன்னு நெனச்சேன்.”

“நீ சும்மா இரு, அக்கா.”

“நாளைக்கு ஓங்கி அடிச்சா தசைநார் முழுசா கிழிஞ்சிடும். அப்புறம் ஆபரேஷன்தான்,” என்றார் பிசியோதெரபிஸ்ட்.

சற்று நேரம் கழித்து, பயிற்சியாளருக்கு அவளே போன் செய்தாள். இறுதிப் போட்டியில் அவள் ஆடுவதில்லை, துணைத் தலைவியே அணியை நடத்துவாள் என்று முடிவாயிற்று.