எல்லாரும் சொகம்

நடுவட்டம் மலையில் எங்கள் எஸ்டேட்டைப் போல மகிழ்ச்சியான இடம் வேறு இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. பச்சைத் தேயிலை விலை விழுந்து, வாரத்தில் பாதி நாள் வேலை இல்லாமல், ஜனங்கள் கேரட் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அது.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் அருண்பிரசாத், பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவர். மனிதர்கள் பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைத்து, ஒரு ஊரே என்ன மனநிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. எஸ்டேட் டிஸ்பென்சரியை மூடலாமா வேண்டாமா என்று கம்பெனி யோசித்துக்கொண்டிருந்தது. ஜனங்களின் மனதை அறிந்து சொல்லும்படி அவரைக் கேட்டிருந்தது. ஜனங்களிடமே நேராகக் கேட்டிருக்கலாம். கம்பெனிக்கு அது வழக்கமில்லை.

நான் ஜெஸிந்தா, எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். என்னை அவருக்கு இரவல் கொடுத்தார்கள். ஜனங்கள் அவர் ஃபோனில் பேசிப் பதிவானதைக் கேட்டு டைப் செய்ய வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் மகிழ்ச்சி, வருத்தம், கோபம் என்று ஏதாவது ஒன்றைக் குறிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுமாம்.

"உங்களுக்குத் தெரிஞ்சதை வெச்சுக் குறிக்காதீங்க மேடம். வாக்கியத்துல என்ன இருக்கோ, அது மட்டும்" என்றார்.

முதலில் பேசியவர் தெய்வம்மா. இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். கணவர் எல்லப்பனுக்கு இளைப்பு. டிஸ்பென்சரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடித்தால்தான் அவருக்கு மூச்சு. அதை விட்டால் ஆஸ்பத்திரி கூடலூரில்தான். கூடலூர் பஸ்ஸை நம்பி யாரும் இளைக்க முடியாது.

"நாங்க இங்க எல்லாரும் சொகம். வேல இருக்கு. அவரும் சொகம். ஒரு கொறையும் இல்ல" என்று தெய்வம்மா ஃபோனிடம் சொன்னார். பின்னால் எல்லப்பன் இருமியதும் தெளிவாகப் பதிவாகியிருந்தது. இருமலுக்கு நான் எதையும் குறிக்கவில்லை. அது வாக்கியம் இல்லை.

லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லோரும் அப்படியே பேசினார்கள். மொத்தப் பதிவிலும் கம்ப்யூட்டர் ஒரே ஒரு கோபத்தைக் கண்டுபிடித்தது: "உண்மையைச் சொல்லுங்களேன்!" அது அருண்பிரசாத்தின் குரல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகத் தெய்வம்மாவிடம் போனேன்.

"ஏனுங்கம்மா, இப்படிச் சொன்னா டிஸ்பென்சரிய மூடிப்போடுவாங்க, தெரியுமுங்களா?"

"பேசுற மிசின்ல கெட்டது சொல்லலாமா புள்ள?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். "எங்கக்கா கப்பலேறாம இலங்கையிலயே, அட்டன்ல நின்னுட்டா. போறவங்க கையில கேசட்டு பேசிக் குடுத்துவிடுவோம். சாவுச் சேதின்னா கடுதாசியில போகும். கடுதாசிய ஒருக்காப் படிச்சு அழுதுட்டு வச்சிருவாங்க. கேசட்ட போட்டுப் போட்டுல்ல கேப்பாங்க. அவ எத்தன தரம் அழுவா?"

லயம் முழுக்க அதே பழக்கம்தான். அருண்பிரசாத்திடம் சொன்னேன். ரொம்ப சுவாரஸ்யமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். பழைய பதிவை மாற்ற முடியாது, புதிதாக யாராவது பேசினால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

லயத்தில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் டீ கொடுத்தார்கள். யாரும் வரவில்லை.

கடைசியில் தெய்வம்மா மட்டும் ஆபீசுக்கு வந்தார். முக்காடு போட்டுக்கொண்டு ஃபோன் முன்னால் நின்றார்.

"அக்கா" என்று ஆரம்பித்தார். "இங்க சொகமில்ல அக்கா. வேல இல்ல. அவருக்கு மூச்சு முட்டுது. இந்த டிஸ்பென்சரியும் போச்சுன்னா அவரு போயிருவாரு. எனக்குப் பயமா இருக்கு அக்கா."

நான் வருத்தம் என்று குறித்தேன். அதைவிடப் பெரிதாகக் குறிக்க அதில் வசதி இல்லை. அவர் போனபிறகு அழுதேன்.

அறிக்கை வந்தது. எஸ்டேட் மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. கீழே சின்ன எழுத்தில், ஒரு பதிவு மட்டும் மற்றவற்றோடு பொருந்தாததால் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்றிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு தனியா நின்னா எடுத்துடறது எங்க முறைங்க மேடம். அந்தம்மா மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார் அருண்பிரசாத். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது பதிவாகவில்லை.

டிஸ்பென்சரிக்குப் பூட்டு விழுந்த வாரம், தெய்வம்மா மழையில் எல்லப்பனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். நான் குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தேன்.

"அன்னிக்கு நான் பேசுனத அவங்க கேட்டாங்களா புள்ள?"

அந்தப் பதிவை ஆபீசில் நான் எத்தனையோ தடவை போட்டுக் கேட்டிருந்தேன். வேறு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"கேட்டாங்கம்மா. போட்டுப் போட்டுக் கேட்டாங்க."

தெய்வம்மா எல்லப்பனின் மப்ளரை இழுத்துச் சரியாகச் சுற்றிவிட்டார்.

"அடப் பாவமே" என்றார். "எத்தன தரம் அழுதாங்களோ."