மாடியண்ணன் போகக் கூடாத கதை

1

இந்தக் கதை எனக்குள் ஊறி வந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். என்னிடம் கேட்டு வாங்கிய கதை இது. ஒரு காலையில் கையண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, நீதான் எதை எதையோ எழுதுறியே. எங்களப் பத்தி ஒண்ணு எழுது. ஆனா அதுல அவன் போகக் கூடாது."

"யாருண்ணே?"

"யாருன்னு கேக்கறான் பாரு. மாடிதான். வேற யாரு இருக்கா எனக்கு?"

கடைசி வார்த்தைகள் வாயை விட்டு வந்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. "கொஞ்சம் சர்க்கரை குடு, வீட்ல தீந்துபோச்சு" என்று பேச்சை மாற்றினார். கொடுத்தேன். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

[இனிப்பான தொடக்கம் என்று யாராவது சொன்னால் உதைப்பேன்.]

2

யார் இவர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூவரும் ஒரே இரும்புக் கிடங்கில் வேலை பார்த்தோம். மாடியண்ணன் கிரேன் ஓட்டினார். காலையில் ஏணியேறி உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போனால் வேலை முடிந்துதான் இறங்குவார்; அதனால் அந்தப் பெயர். கையண்ணன் கீழே நின்று அவருக்குச் சைகை காட்டினார். நான் தகடுகளுக்குச் சங்கிலி மாட்டினேன். என் முதுகைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்லும்.

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

அந்தி மயங்கும் வேளையில், வாழ்க்கைச் சுமைகளை இறக்கிவைத்துவிட்ட முதியவர்கள் இருவர்...

அடித்துவிட்டேன். சுமை இறக்கியவன் எவனும் அந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். இடுப்பு பிடிச்சிருக்கு, தைலம் எங்கே என்பான்.

இரண்டாவது தொடக்கம்:

கிரேன் ஓட்டுபவருக்குக் கண் இருந்தும் பயனில்லை.

இது நிற்கட்டும். உண்மை. தகட்டு அடுக்குக்குப் பின்னால் இறங்கும் சுமை கூண்டில் இருப்பவருக்குத் தெரியாது. கீழே இருப்பவரின் கையை மட்டும் பார்ப்பார். கை சுழன்றால் தூக்குவார், கை தாழ்ந்தால் இறக்குவார். கை சும்மா இருந்தால் சுமை அந்தரத்தில் அப்படியே நிற்கும். என்னய்யா ஆச்சு என்று மேலிருந்து கேட்கிற வழக்கமில்லை. கேட்டாலும் அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழாது. இப்படித்தான் அவர்கள் ஒரு ஆயுள் முழுக்கச் சேர்ந்து வேலை செய்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல்.

எழுதும்போதே துரு வாசனை வருகிறது. மழை பெய்து ஓய்ந்த காலையில் தகடுகளிலிருந்து ஆவியோடு எழும் வாசனை. சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் எல்லா இரைச்சலும் ஒரே மூச்சில் அடங்கும். பின்சுவரை ஒட்டி ஓடும் வாய்க்காலில் தவளை கத்துவது அப்போதுதான் கேட்கும். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் போனதும் கையண்ணன் கிரேன் கொக்கியில் மாடியண்ணனின் தூக்குப் பாத்திரத்தை மாட்டி விரலைச் சுழற்றுவார். லாரியையே தூக்கும் கிரேன், மூன்றடுக்குப் பாத்திரத்தைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போகும். நாங்கள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டுவோம்.

அது பொற்காலம் என்று எழுதி

எழுதவில்லை. அங்கே ஒருவனுக்குக் கால் போயிற்று. இன்னொருவனுக்குக் காதே போயிற்று. ஆனாலும் அந்தத் தூக்குப் பாத்திரம் மேலே போவதை இன்னொரு முறை பார்க்கக் கொடுத்தால், நொண்டிக்கொண்டாவது ஓடுவேன்.

3

ஓய்வு பெற்றபோது இருவருக்கும் மனைவி இல்லை. மாடியண்ணனுக்கு வெளியூரில் கல்யாணமான ஒரு மகள். கையண்ணனுக்கு அதுவும் இல்லை. இரண்டு வாடகை எதற்கு, இரண்டு அடுப்பு எதற்கு என்று கணக்குப் போட்டு, இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றை எடுத்தார்கள். காரணம் வாடகைதான் என்று இன்றுவரை சத்தியம் செய்வார்கள்.

புது வாழ்க்கை சிரிப்பாகத் தொடங்கியது. மாடியண்ணனுக்கு முகங்கள் பழக்கமில்லை. எங்களை எல்லாம் அவர் உச்சந்தலையாகத்தான் பார்த்திருந்தார். முதல் தடவை அங்கே போனபோது கதவைத் திறந்து, "யாருங்க வேணும்?" என்றார் என்னிடம். செருப்பைக் கழற்றக் குனிந்தேன். "அடடே, ரெட்டைச் சுழி! வாடா வாடா!" என்று கட்டிக்கொண்டார்.

பேச வேண்டியிருந்ததுதான் பெரிய தொல்லை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் வாயைத் திறந்ததும் சண்டை.

"உப்புப் போட்டியாய்யா?"

"நாக்கு இருக்குல்ல, பாரு."

"கேட்டா பதில் சொல்லணும்."

"இத்தனை வருஷமா கேட்டியா? இப்ப மட்டும் என்ன புதுசா?"

பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இருவருக்குமே முட்டி வலி. ஆகவே ஒருவர் மட்டும் காலையில் இறங்கிக் காய்கறி வாங்குவார். மற்றவர் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை விடுவார். யார் இறங்குவது, யார் மேலே என்று விவாதமே இல்லை. கையண்ணன் தெருவில் நின்று விரலைத் தாழ்த்துவார், கூடை இறங்கும். உள்ளங்கையைக் காட்டுவார், நிற்கும். தக்காளி நசுங்காமல் மேலே போகும். காய்கறிக்காரம்மா கேட்பாள்: "வாயில என்ன கொழுக்கட்டையா? ஏன் இப்படி ஊமையா நிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர்கள் நாளில் சண்டையில்லாத நேரம். நான் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேலே ஒருவர் முகம், கீழே ஒருவர் முகம். வயது கழன்று விழுந்துவிட்ட முகங்கள்.

4

இந்த இடத்தில் மகள் வர வேண்டும். முதல் வரைவில் அவளைக் கல்நெஞ்சக்காரியாக எழுதினேன். கதைக்கு வசதி. பிறகு அவள் கால்களைப் பார்த்தேன். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று விற்கிற வேலை. கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. அதற்கு மேல் அவளை வில்லியாக்க என் கை போகவில்லை.

மாடியண்ணன் குளியலறையில் ஒரு தடவை வழுக்கி விழுந்திருந்தார். அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன். காப்பியை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்:

"அப்பா, என்கூட வந்துடுங்களேன். கீழ்வீடு, படி ஏற வேண்டாம். ஒரு ரூம் ஒழிச்சு வெச்சுட்டேன்."

மாடியண்ணன் கையண்ணனின் கைகளைப் பார்த்தார். அவை மடியில் சும்மா கிடந்தன. சும்மா கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே மாடியண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுமை அந்தரத்தில் நின்றது.

ஊரில் மற்ற எல்லோருக்கும் மௌனம் என்றால் சம்மதம். மகளுக்கும் அப்படியே. "சரிப்பா, ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கையண்ணன் எழுந்து அடுப்படிக்குப் போனார். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, ஆகவே போக ஆசைப்படுகிறான் என்று கையண்ணன் எடுத்துக்கொண்டார். இரு என்று அவன் சொல்லவில்லை, ஆகவே நான் இருப்பது அவனுக்குத் தேவையில்லை என்று மாடியண்ணன் எடுத்துக்கொண்டார். வாயால் பேசிப் பழகிய எவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

மறுநாள்தான் என் வாசலில் சர்க்கரைக் கிண்ணம்.

5

இதுவரை எழுதியதை மாடியண்ணனிடம் படித்துக் காட்டினேன். செய்திருக்கக் கூடாது, எழுதி முடிக்காத கதையைக் கதையில் வருகிறவரிடமே காட்டுவது முட்டாள்தனம். ரெட்டைச் சுழி வரும்போது சிரித்தார். மகள் வந்ததும் முகம் மாறியது.

"இதெல்லாம் அவன் சொல்லிக் குடுத்ததா?"

"போகக் கூடாதுன்னு மட்டும்தான் சொன்னாரு."

"உங்கிட்ட சொன்னானா?"

"ஆமா."

"உங்கிட்ட." வெளியே பார்த்தார். "ஏண்டா, ஒரே வீட்ல பக்கத்துல பக்கத்துலதானே படுத்திருக்கோம்? எங்கிட்ட சொல்ல என்ன கேடு?"

"நீங்க கேட்டிருக்கலாமேண்ணே."

"நான் எதையும் கேட்டதில்லையேடா." கோபமாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது குரலில் வேறு என்னவோ இருந்தது. அதற்கு என்னிடம் சொல் இல்லை.

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

மகள் மனம் மாறி, இருவரையுமே அழைத்துப் போகிறாள். (கையண்ணன்: "அவ வீட்டு வாசல்ல போய் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?" அடித்தாயிற்று.)

மாடியண்ணன் போகிறார், கையண்ணன் தினமும் காலையில் வெற்றுப் பால்கனிக்குக் கீழே நின்று கையைத் தாழ்த்துகிறார்... (படித்தவர்கள் அழுவார்கள். அதனாலேயே வேண்டாம்.)

ஒருவர் செத்துப்போகிறார். ("யாரு?" என்று இருவருமே தனித்தனியாகக் கேட்டார்கள். செத்தவன் நானாக இருக்கட்டும் என்றே அவரவர் விரும்பினார்கள். அதையும் அடித்தேன்.)

மாடியண்ணன் இருந்துவிடுகிறார். எப்படி? யார் சொல்லி? இங்கே பேனா நின்றது.

சனிக்கிழமை கையண்ணன் வந்தார். "முடிச்சிட்டியா? அவன் இருந்துட்டானா?"

"நான் எழுதினா அவர் இருக்க மாட்டாருண்ணே. நீங்க சொல்லணும்."

"நான் என்னத்தச் சொல்றது. அவனுக்குப் பொண்ணு இருக்கு. வயசாகுது. விழறான். நான் இருன்னு சொல்லி, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" கைகளைப் பிசைந்தார். "கை காட்டி ஒரு தகடுகூட ஆள் மேல இறங்கினதில்லை தம்பி. இது தகடு இல்ல."

அவரைக் கோழை என்று எழுதி வைத்திருந்தேன். அவர் போனதும் அந்தச் சொல்லை எடுத்தேன்.

7

ஞாயிறு. வண்டி வந்துவிட்டது. நான் அங்கே போனது கதைக்காக அல்ல, பெட்டி தூக்க. பழைய தகரப் பெட்டி, என்ன போட்டு அடைத்தாரோ, கல்லாய்க் கனத்தது. கையண்ணன் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையை. அவர் கீழ்ப்படியில், நான் மேல்படியில். எனக்குப் பின்னால் மாடியண்ணன் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே மகள் வண்டிக் கதவைத் திறந்து பிடித்திருந்தாள்.

பாதிப் படியில் கையண்ணன் நின்றார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். இரண்டு கையும் பெட்டிக்கு அடியில். முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைக்கக்கூட வழியில்லை. என்னைத் தாண்டி மேலே பார்த்தார்.

"யோவ் மாடி."

"என்ன?"

"போகாதய்யா."

கீழிருந்து மகள், "என்ன மாமா?" என்றாள்.

"உங்க அப்பன்கிட்ட பேசிட்டிருக்கேன்மா. கொஞ்சம் இரு." மறுபடி மேலே. "நீ விழுந்தா நான் தூக்குறேன். என்னால முடியலன்னா பக்கத்து வீட்டுக்காரனக் கூப்பிடறேன். அதுக்கு மேல எனக்கு என்ன சொல்லணும்னு தெரியல. நீ இல்லாம அந்த வீடு எனக்கு வேண்டாம்யா."

மாடியண்ணன் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார். என்னால் திரும்ப முடியாது. திரும்பினால் பெட்டி நழுவும். அவர் முகம் எப்படி இருக்கிறது என்று நான் எழுதாததற்கு அதுதான் காரணம், வேறு தந்திரம் ஒன்றும் இல்லை. அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது. மகளின் வீங்கிய கால்கள் ஒரு படி ஏறி நிற்பதும் தெரிகிறது. அவளும் கேட்டுவிட்டாள். அவளும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். ஒழித்து வைத்த அறையை அவள் சும்மா ஒழிக்கவில்லை.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. வாய் திறந்து கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார். பதிலை ஒரு சங்கிலி மாட்டுகிறவன் சொல்லக் கூடாது.

ஆனால் பெட்டி அந்தரத்தில் நிற்கிறது. என் விரல்கள் மரத்துக்கொண்டிருக்கின்றன. இத்தனை நேரம் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, நீங்களாவது சொல்லுங்கள்: மேலே தூக்குவதா, கீழே இறக்குவதா?