தங்கையின் முகவரி

சிவானந்தராசா இறந்து நாலு மாதம். துன் நகரில் அவர் தனியாக இருந்த அறையைக் கன்டோன் எனும் மாநில அரசு பூட்டி, உள்ளே கிடந்த கறுப்புச் சூட்கேசை எடுத்து வைத்துக்கொண்டது. வாரிசுகள் ஒரு வருடத்துக்குள் வரவேண்டும், வராவிட்டால் எல்லாம் அரசுக்கே என்று அரச இதழில் அறிவித்தலும் போட்டுவிட்டது.

மனோகரிக்கு அந்தச் சூட்கேசில் ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: அவளுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். யாராவது அதை வாசித்துவிடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.

முப்பத்துமூன்று வருடங்களுக்கு முன், போருக்குள் தனித்துப்போன அவளை இங்கே கூப்பிட அண்ணன் சிவானந்தராசாவுக்கு ஒரு வழிதான் இருந்தது. தங்கையைக் கூப்பிடச் சட்டம் விடாது, மனைவியைக் கூப்பிடலாம். கஜலக்சுமி என்ற பெயரில், அவருடைய மனைவியாக வந்து இறங்கினாள். பத்து வருடம் கழித்துக் கடதாசியில் விவாகரத்தும் ஆனது. கோயிலிலும் கொண்டாட்டங்களிலும் அவள் மனோகரிதான். ஆனால் அவளுடைய வதிவிட அனுமதி, ஆஸ்பத்திரி வேலை, ஓஸ்டர்முண்டிகன் ஊரில் இருந்த வீடு எல்லாம் கஜலக்சுமியின் பெயரில் நின்றன. பத்திரம் வெளியே வந்தால் அத்தனையும் சரிந்துவிடும்.

வாரிசு அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் சூட்கேஸ் மேசைமேல் இருந்தது. பூட்டில் அரச முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது.

"முன்னாள் மனைவிக்கு உரிமை இல்லை, திருமதி கஜலக்சுமி," என்றாள் அதிகாரி. "ஆனால் அவருடைய கட்டிலருகே தமிழில் எழுதிய ஒரு தாள் கிடைத்தது. மரண சாசனமாக இருக்கலாம். மொழிபெயர்ப்பாளரை வரச் சொல்லியிருக்கிறேன்."

கதவு திறந்தது. வந்தவர் அவளை மனோகரி என்றே அறிந்தவர். உருத்திரமூர்த்தி. சனிக்கிழமைகளில் அவளிடம் கொழுக்கட்டை வாங்குகிறவர்.

"என்ன அக்கா, அரசாங்கமும் உங்களிட்டைக் கொழுக்கட்டை ஓடர் குடுத்திட்டுதோ?" என்று சிரித்தார் அவர்.

"சும்மா இருங்கோ தம்பி," என்றாள்.

உருத்திரமூர்த்தி தாளை வாங்கி, முதலில் தமிழிலேயே வாசித்தார். "எனக்குரியதெல்லாம் என்ரை ஒரே தங்கச்சி மனோகரிக்கு..." குரல் இறங்கியது. தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரிப்பு எங்கோ போய்விட்டது. பிறகு ஒரு சொல்லும் விடாமல் ஜெர்மன் மொழியான டொச்சில் சொன்னார்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் ஒரு தங்கை இருக்கிறாள். நல்லது. அவள் எங்கே இருக்கிறாள் என்று இந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

உருத்திரமூர்த்தி கேள்வியை உடனே தமிழாக்கவில்லை. "அக்கா," என்றார் மெல்ல. "நான் சத்தியம் செய்து வேலை பாக்கிறனான். வாயால பொய் சொல்லேலாது. ஆனா கேள்வி எனக்கில்லை, உங்களுக்கு. மனோகரி எங்கை எண்டு கேக்கிறா."

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் எழும்பிப் போய்விடலாம். பத்து மணிக்கு ரயில். பதினொரு மணிக்கு வேலை.

"தெரி..." என்று தொடங்கினாள்.

அதிகாரி அதற்குள் இழுப்பறையைத் திறந்து சிறிய கத்தரிக்கோலை எடுத்தாள். "பரவாயில்லை. சூட்கேசுக்குள் தங்கையின் முகவரியோ படமோ இருக்கும். திறந்து பார்ப்போம்." கத்தரிக்கோலின் முனை முத்திரைத் தாளில் முட்டியது.

"வெட்டாதேங்கோ," என்றாள் மனோகரி தமிழில். பிறகு மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திராமல், தனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னாள். "அந்தத் தங்கை நான்தான். நான் அவருடைய மனைவி இல்லை. ஒருநாளும் இல்லை."

கத்தரிக்கோல் நின்றது. அதிகாரி அவளுடைய அனுமதி அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதை நான் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். இங்கேயே இருங்கள்."

அவள் அட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து அறையில் தொலைபேசியில் கதைக்கும் சத்தம் கேட்டது. கஜலக்சுமி என்ற பெயர் இரண்டு தரம் வந்தது. பிறகு, தட்டுத் தடுமாறி, மனோகரி.

"பயமோ அக்கா?"

"ஓம்."

"கதவு திறந்துதான் கிடக்கு. நான் மறிக்கமாட்டன்."

மனோகரி கதவைப் பார்த்தாள். கதிரையை மேசைக்கு இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"நீங்களும் இருங்கோ தம்பி," என்றாள். "அவை திரும்பி வந்து கேக்கிறதுக்கெல்லாம் எனக்கு டொச் காணாது."