கல்லில் அண்ணன் பேர்

"இங்க ஒண்ணும் இல்ல அண்ணி, எல்லாம் பழைய கட்டடம்"னேன். சுற்றுலா பஸ் ஓட்டுற எவனாவது இப்படிச் சொல்வானா? வண்டியில வந்த முப்பது பேரும் இறங்கி, மணிக்கூண்டையும் பச்சைக் குவிமாடத்தையும் ரெண்டு ஆள் சேர்ந்து கட்டிப் பிடிக்கணும்ங்கிற தூண்களையும் படம் எடுத்துத் தள்ளிக்கிட்டு இருந்தாங்க. சதுக்கத்துக்கு நடுவுல, போன மாசம் திறந்து வச்ச நீளமான கறுப்புக் கல்.

அந்தக் கல்லை அண்ணி பார்த்துடக் கூடாதே. ஏழு வருஷத்துக்கு முன்னாடி மூழ்கின பயணிகள் கப்பல்ல செத்தவங்க பேரெல்லாம் அதுல இருக்கு. அந்தக் கப்பல்ல மெக்கானிக்கா இருந்த என் அண்ணன் உடம்பு கிடைக்கவே இல்ல. "எங்கயோ இருக்கார், வந்துடுவார்"னு அண்ணி சொல்லாத நாள் இல்ல. நானும் ஆமாம் போட்டுக்கிட்டு, வாராவாரம் அவன் பைக்கைத் துடைச்சுக் கிளப்பி வைப்பேன். கல்லு வைக்கிற கமிட்டிக்காரங்க பேர் கேட்டப்போ மட்டும், அண்ணிக்குத் தெரியாம எழுதிக் கொடுத்துட்டேன். அப்பா அம்மா இல்லாத எனக்கு, தையல் கம்பெனியில வேலை பார்த்துச் சோறு போட்டு ஆளாக்கினவங்க அவங்க. புருஷன் செத்துட்டான்னு நான் கையெழுத்துப் போட்டது தெரிஞ்சா, இனி என் முகத்துல முழிப்பாங்களா?

வருஷத்துக்கு ஒரு தடவை டிரைவர் வீட்டு ஆளுக்கு ஓசி சீட் உண்டு. இதுவரைக்கும் கேட்டதே இல்லாத அண்ணி, இன்னைக்குன்னு பார்த்து, "சதுக்கத்துக்குப் போற வண்டிதானே?"ன்னு ஏறி உட்கார்ந்துட்டாங்க.

"மணிக்கூண்டு மேல ஏறலாம் வாங்க அண்ணி."

"முட்டி வலிக்குது. நீ போ தம்பி."

"சரி, டீயாவது குடிக்கலாம்."

"நீ குடிச்சிட்டு வா. அவசரமே இல்ல. நான் இப்படி நிழல்ல நிக்கிறேன்."

நிழலாம்! டீயைக் கையில வாங்கித் திரும்பறதுக்குள்ள ஆளைக் காணோம். பார்த்தா, கல்லுகிட்ட நிக்கிறாங்க. டீ கையில கொட்டினதுகூட உறைக்கல, ஓடினேன். நான் கொடுத்த பேர் இடது கோடியில, கீழ் வரிசையில இருக்கு. அதை மறைச்சுக்கிட்டு நின்னேன். அண்ணி இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. வலது கோடியில எதையோ தடவிக்கிட்டு இருந்தாங்க.

கிட்டப் போனேன். என்னைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட, ரெண்டு கையையும் விரிச்சுக் கல்லோட ஒட்டி நின்னாங்க. "இங்க ஏன் வந்தே? வெயில் கொளுத்துது, வண்டிக்குப் போ."

அவங்க தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். அண்ணன் பேர். பக்கத்துலயே எங்க அப்பா பேர், அவன் வேலை. அவனேதான்.

"நான்தான் கொடுத்தேன்"னாங்க. "தையல் கம்பெனிக்குக் கமிட்டி ஃபாரம் வந்துச்சு. உன்கிட்ட எப்படிடா சொல்வேன்? நீ இன்னும் அந்த பைக்கைத் துடைச்சுக்கிட்டு இருக்கே. உன் மனசு உடையக் கூடாதேன்னுதான் வருவார் வருவார்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அவங்க கையைப் பிடிச்சு இடது கோடிக்கு இழுத்துட்டுப் போனேன். ஃபாரம் வந்த வரிசைப்படியே பேரைச் செதுக்கியிருந்தாங்க, அதனால ஒரே பேர் ரெண்டு தடவை வந்ததை யாரும் கவனிக்கல போல. அங்கயும் அண்ணன்.

"அடப்பாவி, நீயுமா?"

ரெண்டு கோடியையும் மாறி மாறிப் பார்த்தாங்க. திடீர்னு சிரிச்சுட்டாங்க. "உயிரோட இருந்தப்பவே ஒரு இடத்துல நிக்காத மனுஷன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம்னு அவங்களுக்கே புரிஞ்சிருக்கும். சிரிச்ச வாய் அப்படியே கோணிச்சு. ஏழு வருஷமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அண்ணி, அந்தக் கல்லடியிலேயே உட்கார்ந்து ஓன்னு அழுதாங்க.

நேரமாச்சுன்னு பஸ்ல இருந்து யாரோ கூப்பிட்டாங்க. கூப்பிடட்டும். நானும் பக்கத்துல உட்கார்ந்து, செத்துப்போன என் அண்ணனுக்காக அழுதேன்.