அம்மா அனுப்பிய வரி

தென்கொரியாவின் இன்சியோன் நகரில் இல்ஹோவின் வீட்டுச் சுவரில் புது மோடத்தை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பழக்கதோஷத்தில் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வெறும் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். காது கேட்காத அவனுக்கு அந்தக் காலத்து மோடம் கையோடு பேசும். எண்ணை அழைத்ததும் பெட்டிக்குள் ஓர் அதிர்வு கிளம்பி, விட்டு விட்டு வந்து, சண்டை தீர்ந்ததுபோல் அடங்கும். அடங்கினால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். தொண்ணூற்று மூன்றின் குளிர்காலத்து அம்மா நினைவுக்கு வந்தாள்.

அப்போது அவனுக்கு இருபத்துநான்கு வயது. ஜொன்ஜுவில் இருந்த மிரான் என்ற பெண்ணோடு ஆறு மாதமாகக் கணினியில் எழுதிப் பேசிக்கொண்டிருந்தான். திரையில் அவன் பெரிய வாயாடி. காது கேட்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவாள் என்று பயம்.

அம்மா மல்சுனுக்குக் காகிதத்தில் படம் போட்டு விளக்கியிருந்தான். நான் அடிக்கும் எழுத்தை இந்தப் பெட்டி சத்தமாக்கிப் போன் கம்பியில் அனுப்பும், அந்தப் பக்கத்துப் பெட்டி சத்தத்தைத் திரும்ப எழுத்தாக்கும் என்று.

"அப்போ அந்தப் பொண்ணு போன்லதான் இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

அவன் தலையாட்டிவைத்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் மாலை மிரான் எழுதினாள்: "உங்க குரலைக் கேக்கணும்போல இருக்கு. போன் நம்பர் குடுங்க."

பின்னால் நின்ற அம்மாவும் அதைப் படித்தாள். மகன் மரம்போல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கூடத்துக்குப் போனாள்.

திடீரென்று திரையில் உடைந்த எழுத்துகள் கொட்டின. இல்ஹோ திரும்பினான். அதே கம்பியில் ஓடிய கூடத்துப் போனை அம்மா, பூண்டு உரித்த கையோடு காதில் வைத்திருந்தாள். அவள் உதடுகளைப் படித்தான்.

"அம்மாடி, என் பிள்ளைக்குக் காது கேக்காது. அவனா சொல்லமாட்டான், பயந்தாங்கொள்ளி. நல்லவன்மா. வச்சிடாத."

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பிடி குப்பை திரையில் விழுந்தது. பாதி எழுத்து, கட்டம், கேள்விக்குறி. பிறந்ததிலிருந்து கேட்டறியாத குரலை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தான். ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது.

அம்மா போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். "சொல்லிட்டேன்டா. பாவம், ஒரு வார்த்தை பேசல. ஊன்னு ஒரே அழுகை." பெட்டியின் இரைச்சலைத்தான் அவள் அழுகை என்று நினைத்துவிட்டாள்.

நல்லவேளையோ கெட்டவேளையோ, இணைப்பு அறுபடவில்லை. மிரானின் வரி வந்தது: "இப்போ என்ன அனுப்பினீங்க? ஒரு எழுத்துகூடப் புரியல."

அம்மாவின் முகம் வாடியது. "நிறுத்தி நிறுத்தித்தானே சொன்னேன்."

கம்பியில் கோளாறு என்று ஒரு வரி போட்டால் தப்பித்துவிடலாம். அதை அடித்தும் விட்டான். அம்மாவை ஒருமுறை பார்த்தான். அடித்ததை அழித்தான்.

"எங்க அம்மா உங்ககிட்ட பேசினாங்க. அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன்."

ஒரு சொல் விடாமல் எழுதினான், பயந்தாங்கொள்ளியையும் சேர்த்து. விசையை அழுத்தினான்.

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் நாற்காலியைப் பற்றியிருந்தாள். பெட்டியில், அந்தப் பக்கத்திலிருந்து எழுத்து வருவதைக் காட்டும் சிவப்பு விளக்கு ஒருமுறை மினுங்கியது.