ஒட்டுக்கு மேலே அண்ணன்

தோப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்த பிறகு ஒரே ஒரு சாத்துக்குடி மரம் மிஞ்சியது. விடுவார்களா? அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாகம் பிரிக்க வந்த மாமாவுக்கோ ஊருக்குப் போகும் வண்டிக்கு நேரமாகிவிட்டது.

"காட்டெலுமிச்சை நாத்து நட்டது தம்பி. அது மேல சாத்துக்குடி மொட்டு ஒட்டினது அண்ணன். ஒட்டுக்கு மேல அண்ணனுக்கு, கீழ மண்ணோட தம்பிக்கு. ஆளை விடுங்கப்பா!"

இரண்டு மேதாவிகளும் தலையாட்டினார்கள்.

அண்ணனுக்குத் தொழிலே ஒட்டுக்கட்டுவதுதான். அவர் கட்டும் கன்றுக்கெல்லாம் மொட்டு அந்த மரத்திலிருந்துதான் வரவேண்டும். அது பட்டுப்போனால் பிழைப்பும் போச்சு. அப்படியிருந்தும் கை சும்மா இருந்ததா? ஒட்டுக்குக் கீழே துளிர்த்த காட்டெலுமிச்சைக் குச்சி ஒன்றைப் பழக்கதோஷத்தில் கிள்ளி எறிந்துவிட்டார். தம்பி பார்த்துவிட்டார்.

"என் எல்லைக்குள்ள கை வச்சிட்டியா? இனி இந்த வேருக்கு ஒரு சொட்டு கிடையாது. உன் தண்ணியும் என் மண்ணுல படக்கூடாது!"

கோடை சும்மா விடவில்லை. இலை சுருண்டது, பிஞ்சு உதிர்ந்தது. பார்க்கப் பார்க்க அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. இலைக்காவது ஊற்றுவோம் என்று தன் கொட்டகைக் கூரையிலிருந்து கிளைக்குப் பலகை போட்டு, குடத்தோடு நடந்தார். மரத்தில் காலை வைத்ததுதான் தாமதம், பலகை சரிந்து விழுந்தது. குடமும் கூடவே போனது. தம்பி ஆடி அசைந்து வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

"என் மண்ணுல விழுந்தது எனக்கு."

"அப்ப நான் எப்படிடா எறங்குறது?"

"எறங்கித்தான் பாரேன். கால் என் மண்ணுல பட்டுது, நடக்குறதே வேற!"

முள் குத்தக் குத்த உட்கார்ந்திருந்தார் அண்ணன். வீம்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் உச்சி வெயிலில் நாக்கு வறண்டுவிட்டது.

"தம்பி... தாகமா இருக்குடா."

சொல்வதற்குள் மானம் போனது. தம்பி ஒரே ஓட்டமாக ஓடி, அதே குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார்.

"மரத்துக்குத்தாண்ணே இல்லன்னேன். உனக்கு இல்லன்னா சொன்னேன்?"

அண்ணன் குடத்தை வாங்கினார். இரண்டு மிடறு குடித்தார். மீதியை அடிமரத்தில் கவிழ்த்தார்.

"ஏய்! குடிக்கத்தானே குடுத்தேன்?"

"கை நழுவிருச்சு. இன்னும் தாகம் தீரலை."

தம்பி நனைந்த மண்ணைப் பார்த்தார். அண்ணாந்து அண்ணனைப் பார்த்தார். அடுத்த குடத்துக்குப் போனார். ஒவ்வொரு குடத்துக்கும் கை நழுவியது. வேர் வயிறாரக் குடித்து முடித்ததும் தம்பியே பலகையைத் தூக்கிக் கூரைக்கும் கிளைக்கும் நடுவே போட்டார்.

சமாதானமா? மூச்! இருவருக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. இலை லேசாகச் சுருண்டால் மட்டும் அண்ணன் மரத்தில் போய் உட்கார்ந்து, "தாகமா இருக்குடா" என்பார். கீழே தம்பி ஏற்கெனவே குடத்தோடு நின்றுகொண்டிருப்பார்.