தும்மல் இறங்க வேண்டிய இடம்

பள்ளி விட இன்னும் நேரமிருந்தது. அண்ணி வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து, நின்றபடியே நாத்தனாரின் கணினித் திரையைப் படித்தாள்.

“எல்லாம் சரிதான். தும்மல எங்க விட்ட?”

தும்மல், வேனில் ஏறியதும் தும்முகிற பையன். அண்ணி தன் வேனில் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தாள். எந்த நிறுத்தத்தில் யார் இறங்குவது என்று சொல்ல, நாத்தனார் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தாள். வேலை பார்த்த துணிக்கடை மூடியபின் இணையத்தில் தொடங்கிய படிப்பு. அண்ணனோ நண்பரின் கிடங்கில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தான். பதிலை இன்றைக்கே சொல்ல வேண்டும். இது ஓடினால் படிப்பு, இல்லாவிட்டால் கிடங்கு என்று காலையில் அவளே வாயை விட்டிருந்தாள்.

ஓடத்தான் செய்தது. அதுதான் சிக்கல். பிழை என்று சிவப்பில் ஒரு வரி திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். இது ஒரு பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தது.

ஃபங்ஷனை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்து அலுத்து, கடைசியில் நிறுத்தங்களையும் பெயர்களையும் சேர்த்து வைத்திருந்த டிக்‌ஷ்னரியையே திரையில் அச்சிட்டாள். அதிலேயே தும்மல் இல்லை. மணிக்கூண்டு நிறுத்தத்தில் பூனைக்குட்டி மட்டும் இருந்தாள். இருவரையும் அதே நிறுத்தத்துக்கு அவள் கையால்தான் அடுத்தடுத்து எழுதியிருந்தாள். டிக்‌ஷ்னரியில் ஒரு நிறுத்தத்துக்கு ஒரே இருக்கை. பின்னால் வந்தவள் முன்னால் உட்கார்ந்தவனை எழுப்பிவிட்டாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணாவா இறங்குவாங்க?”

“அடிச்சுக்கிட்டு இறங்குவாங்க.”

இருவரையும் ஒரே அடைப்புக்குள் பட்டியலாக வைத்தாள். ஒவ்வொருவராகச் சொல்லும்படி உள்ளே இன்னொரு சுற்று எழுதி ஓட்டினாள். தும்மல் வந்தான். பூனைக்குட்டி வந்தாள். அடுத்த நிறுத்தத்தில் தனியாக இறங்குகிற குருவி துண்டு துண்டாக வந்தாள். ‘க’ ஒரு வரியில், அதன் கொக்கி அடுத்த வரியில்.

“குருவிய நார் நாராக் கிழிச்சுட்டியேடி,” என்றாள் அண்ணி. அவள் கைபேசி அடித்தது. அண்ணன். எடுக்காமல் நாத்தனாரைப் பார்த்தாள்.

நாத்தனார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குருவியை அவள் அடைப்புக்குள் வைக்கவே இல்லை. அதனால் பிள்ளைகளை எண்ண வேண்டிய சுற்று பெயரின் எழுத்துகளை எண்ணிக்கொண்டு போயிருக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை; பார்த்ததும் தெரிந்தது.

“கிடங்குக்கு வரலைன்னு சொல்லிடுங்க அண்ணி.”

“இது இன்னும் சரியாகலையே.”

“ஏன்னு தெரியுது.”

அண்ணி கைபேசியைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனாள். இவள் நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டாள். குருவியின் கடைசிக் கொக்கி, எழுத்துத் துணையில்லாமல், ஒரு முழு வரியை வைத்துக்கொண்டு நின்றது. அதன் கீழே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.